மூட்டத்துக்கு ஏற்ற டெயில் லைட்

தலவாக்கலையில் ரிவர்ஸ் எடுத்த லொறி ஒன்று என் பழைய காரின் டெயில் லைட்டை நொறுக்கிவிட்டது. ஒரிஜினல் சோடி கிடைப்பது குதிரைக்கொம்பு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஆஃப்டர்மார்க்கெட் செட், அதாவது வேறு கம்பனிகள் செய்த செட், தாராளமாக இருந்தது.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது கறுப்பு ஸ்மோக் லென்ஸ். "இதுதான் இப்ப ஓடுது, அண்ணே." கொழும்பில் ஓடட்டும். எங்கள் மலைநாட்டில், நானுஓயாப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் சிவப்பு லென்ஸே மங்கலாகத்தான் தெரியும். சாதாரண சிவப்பு லென்ஸில் எல்இடி செட் எடுத்தேன். வாங்குமுன் ரப்பர் கேஸ்கட்டைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன், நம்ம ஊர் மழைக்கு அது முக்கியம். அடியிலுள்ள காற்றுத் துளையை மட்டும் சிலிக்கன் போட்டு அடைக்கவிடவில்லை. அடைத்தால் உள்ளே வியர்த்து நிற்கும்.

பூட்டியதும் சிக்னல் படபடவென்று அடித்தது. பழைய 21 வாட் பல்ப் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி இழுப்பது கொஞ்சம்தான். சிக்னலை விட்டு விட்டு எரியவைக்கும் பிளாஷர் ரிலே, பல்ப் போய்விட்டதென்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. பழைய பல்ப் அளவுக்குக் கரண்ட் இழுக்க 6 ஓம் ரெசிஸ்டர் போடலாம் என்றார் ஹட்டன் கராஜ் தம்பி. 12 வோல்ட்டில் அது 24 வாட் சூட்டைக் கக்கும். பிளாஸ்டிக்கில் பட்டால் உருக்கிவிடும். ரெசிஸ்டர் வேண்டாமென்று ரிலேயையே எல்இடிக்கானதாக மாற்றினோம். சிக்னல் சீராக அடிக்கிறது.

ஒரு குறை: இனி சிக்னல் லைட் ஒன்று செத்தாலும் வேகமாக அடித்துக் காட்டாது. இடைக்கிடை இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.