பனிமலையில் கால் வைக்கும் முன் சாய்வை அளந்து பாருங்கள்

பனிச்சரிவு எங்கோ உச்சியிலிருந்து தானாக உருண்டு வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உயிரைப் பறிக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை, சிக்கியவரோ கூட வந்தவரோ மிதித்துக் கிளப்பிவிட்டவை. எங்கே மிதிக்கக் கூடாது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த இடம் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வு. கண்ணளவை நம்பாதீர்கள், செல்பேசியிலேயே அளந்துவிடலாம். சமதரையில் நடந்தாலும் தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கீழே நின்றபடியும் அங்கே பனிச்சரிவைக் கிளப்பிவிட முடியும்.

காலடியில் 'வூம்ஃப்' என்று பனி அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து ஓடும் விரிசல், பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம். இதில் ஒன்று தென்பட்டாலும் பேசாமல் திரும்பிவிடுங்கள். புதுப்பனி கொட்டிக் காற்றும் அடித்து ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று ஆசை காட்டும். எனக்கு அந்த நாள்மேல்தான் சந்தேகம் அதிகம்.

அப்புறம், டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னல் மூலம் காட்டும் கருவி), பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்தில் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மீட்புக்குழு அதற்குள் வருவது அபூர்வம், தோண்டப்போவது நீங்கள்தான்.