பெட்ரோல் முள் நின்றுபோனால் உடனே புது சென்சார் வாங்காதீர்கள்

பைக்கில் பெட்ரோல் முள் அசையவில்லை என்றால், இன்ஜின் ஆறியதும் பேட்டரி வயரை எடுத்துவிட்டு வெட்டவெளியில் டேங்க்கைக் காலி செய்து, அதற்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் சென்சாரைக் கழற்றி, அதன் மெல்லிய மின்தடைத் தடத்தையும் அதில் உரசும் சின்னத் தகட்டையும் காண்டாக்ட் கிளீனர் (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து மென்மையான பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். மிதவை ஏறி இறங்கும்போது அந்தத் தகடு தடத்தின் மேல் நகர்ந்து மின்தடையை மாற்றுகிறது, மீட்டர் அதைத்தான் பெட்ரோல் அளவாகக் காட்டுகிறது. அழுக்கோ களிம்போ படிந்தால் தொடர்பு விட்டுப்போகும், பல நேரம் அவ்வளவுதான் கோளாறு. உப்புத்தாள் மட்டும் வேண்டாம், தடமே போய்விடும். துடைத்த பிறகு மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து, அதன் முனைகளைச் சென்சாரின் வயர்களில் தொட்டபடி மிதவையைக் கையால் மெதுவாகத் தூக்குங்கள், எண் சீராக மாறினால் சென்சார் சரி. மாட்டியும் முள் நகரவில்லை என்றால் அப்புறம் வயரையோ மீட்டரையோதான் பார்க்க வேண்டும்.

தடம் தேய்ந்திருந்தாலோ, உள்ளே கம்பி அறுந்திருந்தாலோ இந்த வேலை பலிக்காது. மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தாலும் (குலுக்கினால் சத்தம் கேட்கும்) மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் பம்ப்போடு சேர்ந்தே சென்சார் வரும் பைக் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.