கிரேக்கச் சிலை முன் ஸ்கெட்ச் புக்கோடு உட்காரும்போது

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 18-ஆம் அறையில், ஏதென்ஸ் நகரின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானின் சிற்பங்கள் இருக்கின்றன. முதல் தடவை போனபோது ஒரே பகலில் இருபதுக்கு மேல் வரைந்து தள்ளினேன். ஊருக்கு வந்து புரட்டிப் பார்த்தால், என் கைக்கு உதவுகிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. ஓடி ஓடி வரைவதுதான் முதல் தவறு.

ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது சந்திர தேவி செலீனியின் குதிரைத் தலையை. இரவெல்லாம் தேரிழுத்துக் களைத்துக் கடலில் இறங்கும் குதிரை அது. கண் பிதுங்கியிருக்கிறது, மூக்குத்துளை விரிந்திருக்கிறது, கன்னத்தில் நரம்பு புடைத்திருக்கிறது. கோயில் முகப்பின் முக்கோணம் குறுகி முடிகிற மூலைதான் இதற்குக் கிடைத்த இடம். சிற்பி தலையைச் சின்னதாக்கவில்லை. தாடையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுவிட்டார். இடம் போதாததே களைப்பாக மாறிவிட்டது! கற்றுக்கொள்ள வேண்டியது இந்த யோசனையைத்தான். குதிரையை மட்டும் அச்சாக வரைந்துகொண்டு வந்தால் இது கைக்கு வராது.

இரண்டாவது தவறு, கண் மட்டத்தில் பார்த்ததை அப்படியே நம்புவது. குதிரை வீரர்கள் வரிசையாகப் போகும் அந்த நீளமான புடைப்புச் சிற்பப் பட்டை, கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் தரையிலிருந்து சுமார் 12 மீட்டர் உயரத்தில், தூண்களுக்கு உள்பக்கம் இருந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்காக மேல்பகுதியைக் கொஞ்சம் கூடுதலாகப் புடைக்கச் செதுக்கியிருக்கிறார்கள். அதிகபட்சப் புடைப்பே 5, 6 சென்டிமீட்டர்தான். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை குதிரைகள் என்று எண்ணிப் பாருங்கள். குந்தி உட்கார்ந்து கீழிருந்து பார்த்தால் நிழல் விழுவதே வேறு.

பலரும் விழுகிற பள்ளம் வெள்ளை. கிரேக்கக் கலை என்றதும் வெண்பளிங்கு, அமைதி, தூய்மை என்று மனசு ஓடிவிடுகிறது. ஆனால் அந்தச் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். பார்த்தெனானின் ஐரிஸ் என்ற தேவதையின் சிலை இடைக்கச்சையில் எகிப்திய நீலம் என்ற பழங்கால வண்ணத்தின் எச்சம் அகச்சிவப்புப் படத்தில் தெரிந்திருக்கிறது. அதோடு, 1930-களில் இதே மியூசியத்தில் வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று சில சிற்பங்களின் மேற்பரப்பைச் செப்புக் கருவியால் சுரண்டியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நாம் ரசிக்கிற வெள்ளையில் ஒரு பங்கு அந்தச் சுரண்டலின் விளைவு. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் மியூசியத்துக்குப் போக வாய்த்தால், பெப்லோஸ் கோரே என்ற பெண் சிலையில் மிஞ்சியிருக்கும் வண்ணத்தைத் தேடிப் பாருங்கள்.

பெயர்ப்பலகையைப் படிக்காமல் வரைவதும் ஆபத்து. கிரேக்கச் சிற்பி மைரனின் ‘வட்டெறியும் வீரன்’ சிலை மூலத்தில் வெண்கலம். நாம் பார்ப்பது ரோமானியர் செய்த பளிங்குப் பிரதிகள். காலை ஒட்டி நிற்கும் மரக்கட்டை, பளிங்கு உடையாமல் இருக்கக் கொடுத்த முட்டு. பிரிட்டிஷ் மியூசியப் பிரதியிலோ தலையையே தவறாக ஒட்டியிருக்கிறார்கள்: வட்டைத் திரும்பிப் பார்க்கவேண்டிய முகம் தரையைப் பார்க்கிறது. அதை நம்பி வரைந்தால் உடம்பின் முறுக்கே கெட்டுவிடும்.

உடைந்த கையையும் மூக்கையும் கற்பனையில் நிரப்பாதீர்கள். 1881-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்த பிரெஞ்சுச் சிற்பி ரொதான் அந்த உடைவுகளிலிருந்தே பாடம் எடுத்துக்கொண்டார். பின்னால் தலையும் கையும் இல்லாத உருவங்களை வேண்டுமென்றே செய்தார்.

கிரேக்க ஜாடிகளை ஃபோட்டோ எடுத்துவிட்டு அதைப் பார்த்து வரைவது இன்னொரு பழக்கம். அதே மியூசியத்தில் எக்ஸேகியாஸ் என்ற கிரேக்க ஜாடி ஓவியரின் ஜாடி இருக்கிறது. அதில் கிரேக்க வீரன் அக்கிலிஸின் ஈட்டி, அமேசான் ராணி பெந்தெசிலியாவின் தொண்டையில் இறங்குகிறது. அவன் முகத்தைத் தலைக்கவசம் மூடியிருக்க, அவள் வெள்ளை முகம் திறந்திருக்கிறது. அந்த நொடியில் இரண்டு பேர் கண்ணும் சந்திக்கின்றன. உருவங்களின் உள் விவரங்கள், ஜாடியைச் சுடுவதற்கு முன் கருப்புக் களிமண் பூச்சில் கூரிய முனையால் கீறிய கோடுகள். அந்த ஈட்டி ஜாடியின் வயிற்று வளைவில் போவதால், நீங்கள் இரண்டடி நகர்ந்தால் அதன் சாய்வும் நகர்கிறது. ஃபோட்டோவில் இந்த அசைவு வராது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்து, நின்ற இடத்திலெல்லாம் அந்த ஒரு கோட்டை மட்டும் வரைந்து பாருங்கள்.