கார் பிரேக் வேலைக்கு மெக்கானிக் சொன்ன தொகை சரிதானா?

மொத்தத் தொகையைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), கூலி என்று தனித்தனியாக, முன்சக்கரமா பின்சக்கரமா என்பதோடு எழுதி வாங்குங்கள். பேடை இடம், வலம் ஜோடியாக மாற்றுவதுதான் முறை. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பதில்லை. புது பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றலாம். 6 மி.மீ. மிச்சமிருந்தால் என்ன அவசரம்?

டிஸ்க்கையும் மாற்றச் சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் இருந்து, வெடிப்போ ஆழமான கோடோ அதிர்வோ இல்லையென்றால் பழையதே ஓடும்.

பில் எகிறுவது காலிப்பரில்தான், அதாவது பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகத்தில். அதில் பிரேக் ஆயில் கசிகிறதா, பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகிவிட்டதா என்று கேளுங்கள். உள்பக்க பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். அந்த ஸ்லைடு பின்னைத் துரு அரிக்காதவரை, சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் தடவினாலே சரியாகிவிடும்.