கதவடியில் துரு

தூத்துக்குடி உப்புக்காற்றில் காரின் இடது கதவு அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்புளித்தது. வாங்கும்போதே அடியில் கருப்பு ரப்பர் கோட்டிங் அடித்துத் தந்திருந்தார்கள். அது கதவுக்குள் எங்கே போகும்? பார்த்தால், கதவடியில் தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைப்பு. குச்சியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. அப்புறம் கொப்புளத்தைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எமரித்தாளால் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு), மேலே டச்-அப் பெயிண்ட். துளை வழியே உள்ளே, இரும்பில் ஈரம் படாமல் காக்கும் மெழுகு ஸ்ப்ரே.

காசு கொடுப்பதென்றால் இந்த ஸ்ப்ரேக்குக் கொடுக்கலாம். ரப்பர் கோட்டிங் கல்லடி தாங்கும், சரி. விரிசல் விட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவையும் மறைத்துவிடும். ஷோரூம் பில்லில் சேர்த்துத் தள்ளிவிடும் அந்தக் கோட்டிங் பேக்கேஜ் எனக்கு வேண்டாம். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். போர் தண்ணீர் உதவாது, எங்கள் பக்கம் அதுவும் உப்பு.