டெல்டா வீட்டில் சுருட்டைப் பாதுகாப்பது: புதியவர்கள் செய்யும் தவறுகள்

கியூபா, நிகராகுவா, டொமினிகன் குடியரசு என்று எங்கிருந்தோ வந்த நாலு நல்ல சுருட்டைக் கையில் வாங்கியதும், எப்படி வைப்பது என்று தேடிப் படிக்கிறோம். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸ். சுருட்டு காய்ந்துவிடும், ஈரம் ஏற்று, இன்னும் ஏற்று.

பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு, அதனால் காற்று வறண்டு கிடக்கிற நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது அது. தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ உட்கார்ந்து அதை அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் கேட்காமலே வந்து சேரும். சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்லவே வேண்டாம். திருச்சியில் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். நாகப்பட்டினம் பக்கம் கடல் காற்றோடு ஈரமும் சேர்ந்தே வரும். அதனால் நமக்கு ஈரம் ஏற்றுகிற வேலை கம்மி, வெளிக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிற வேலைதான் அதிகம்.

இங்கே சுருட்டு புதிய பண்டமில்லைதான். உறையூர்ச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி இங்கிலாந்து போயிருக்கிறது. ஆனால் அதைப் பிடித்த தாத்தாக்கள் கட்டாக வாங்கி, மாடத்தில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுவார்கள். சேர்த்து வைப்பது என்ற பேச்சே கிடையாது. அதை நினைத்துக்கொண்டு, "சுருட்டுதானே, அலமாரியில் கிடக்கட்டும்" என்று விட்டால், பங்குனி வெயிலில் மேல் இலை கீறிப்போகும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கும்பகோணம் வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர் தெளித்து வைத்துப் பழகின கை, சுருட்டையும் அதே மாதிரி நடத்தப் பார்க்கும். வெற்றிலை பச்சை இலை, சுருட்டு பதப்படுத்திப் புளிக்கவைத்த காய்ந்த இலை. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நேரடியாகப் படக்கூடாது.

பெட்டி வாங்குகிற அவசரம்

புதிதாக வருகிறவருக்கு ஆசை முழுக்க அந்தப் பளபளக்கும் மரப்பெட்டி மேல்தான். ஹியூமிடார், அதாவது ஈரம் மாறாமல் சுருட்டு வைக்கிற பெட்டி என்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற பலவற்றின் மூடி சரியாக உட்காராது. சோதிக்க வழி சுலபம். கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து, மூடி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். மூடி ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அந்த வழியாகத்தான் அடைமழைக்கால ஈரமும் உள்ளே வரும்.

உண்மையைச் சொன்னால், இந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு ரப்பர் வளையம் வைத்த, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பாதான் சிறந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் வேலை நடக்கும். புது டப்பாவில் பிளாஸ்டிக் வாடை இருக்கும். கழுவி, காயவைத்து, வாடை போகும்வரை திறந்தே வைத்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். எவர்சில்வர் சம்புடம் வேண்டாம், உலோகம் வியர்க்கும்.

மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் உட்புறம் ஸ்பானிஷ் சீடர் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் சீடர் என்று இருந்தாலும் அது தேவதாரு இனமில்லை. நம் வேம்பும் மலைவேம்பும் சேர்ந்த அதே குடும்பத்து மரம். ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், அதன் வாசனையும் புகையிலையோடு ஒத்துப்போகும். தேக்குப் பெட்டி, சந்தனப் பெட்டி என்று வீட்டில் இருப்பதை எடுத்துப் போடாதீர்கள். புதுப் பெட்டியில் உடனே சுருட்டை அடுக்குவதும் தவறு. காய்ந்த மரம் சுருட்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 84 சதவீத ஈரப்பதப் பாக்கெட் (இது என்ன என்று கீழே சொல்கிறேன்) போட்டு இரண்டு வாரம் மூடி வைத்து, மரத்தைப் பழக்கிய பிறகு அடுக்குங்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் பலகை வளைந்து, மூடி நிரந்தரமாகக் கோணலாகிவிடும்.

டப்பாவோ பெட்டியோ, முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். உள்ளே காற்று சுற்ற இடம் வேண்டும்.

தண்ணீரும் பாக்கெட்டும்

பெட்டியோடு வரும் பஞ்சில் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். போர்த் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், உப்பு படிந்து பஞ்சு அடைத்துப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். பஞ்சுதான் வைப்பேன் என்பவர்கள் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவேண்டும். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் தோல், ரொட்டித் துண்டு என்று சிலர் சொல்லும் கைவைத்தியம் எதுவும் நம் ஊர்ச் சூட்டில் ஆகாது. இரண்டு நாளில் துண்டு பூத்துவிடும், அடுத்தது சுருட்டு.

என்னைக் கேட்டால் பஞ்சே வேண்டாம். போவேடா போன்ற இருவழிப் பாக்கெட் போதும். உள்ளே இருப்பது உப்புக் கரைசல்தான். டப்பாவில் ஈரம் குறைந்தால் விடும், கூடினால் இழுத்துக்கொள்ளும். 60 கிராம் பாக்கெட் ஒன்று சுமார் 25 சுருட்டு கொள்ளும் டப்பாவுக்குச் சரி. பாக்கெட் மேல் இருக்கும் எண், அது டப்பாவில் நிறுத்திவைக்கும் ஈரப்பதச் சதவீதம். இங்கேதான் புதியவர்கள் 72 எண் போட்டதை வாங்கித் தவறு செய்கிறார்கள். 62 அல்லது 65 வாங்குங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை வேகமாக வளரும். சூட்டைக் குறைக்க நம்மால் முடியாது, ஈரத்தையாவது கொஞ்சம் குறைத்து வைக்கலாம். அதிக ஈரம் குடித்த சுருட்டு புகைக்கும்போதும் தொல்லைதான். இழுவை அடைக்கும், ஒரு பக்கமாக எரியும், அடிக்கடி அணையும், உள்ளிலை உப்பி மேல் இலை வெடிக்கும்.

பாக்கெட் மொரமொரவென்று கட்டியானால் ஈரம் தீர்ந்துவிட்டது, மாற்றவேண்டும். மழை மாதத்தில் அது மாறாகத் தண்ணீர்ப் பை போல உப்பிக்கொண்டே வந்தால் டப்பா கசிகிறது என்று அர்த்தம். மாற்ற வேண்டியது டப்பாவை.

மானியை அப்படியே நம்புவது

ஈரப்பத மானி காட்டுகிற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். பெட்டி மூடியில் பதித்து வரும் முள் மானிகளில் பல, சரிபார்க்காவிட்டால் வெறும் அலங்காரம்தான். டிஜிட்டல் மானிகூட நாலைந்து சதவீதம் தள்ளிக் காட்டலாம்.

சரிபார்க்கச் சமையலறை உப்பு போதும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அள்ளினாரே, அதே வேதாரண்யத்து உப்பாக இருந்தால் இன்னும் திருப்தி. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக்கூடாது, ஈர மணல் பதத்தில் நிற்கவேண்டும். மேலே தண்ணீர் தேங்கினால் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். மூடியையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் இயல்பு. மானி 71 காட்டினால் நாலு குறைத்துக் காட்டுகிறது. இனி எப்போது பார்த்தாலும் நாலைக் கூட்டிக்கொள்ளுங்கள். திருகு உள்ள மானி என்றால் திருகிச் சரிசெய்துவிடலாம்.

அதற்காக மானியைப் பார்க்க மணிக்கொரு தரம் டப்பாவைத் திறப்பதும் ஆகாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக் காற்று உள்ளே போகிறது. வாரம் ஒரு முறை திறந்து காற்று மாற்றினால் போதும்.

வண்டு

டெல்டாவில் சுருட்டு வைத்திருப்பவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சிகரெட் வண்டு என்பார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர், செம்பழுப்பு நிறம், முதுகு வளைந்து தலை தெரியாமல் இருக்கும். முட்டை புகையிலையோடு தோட்டத்திலிருந்தோ கிடங்கிலிருந்தோ வந்துவிடும், விலை உயர்ந்த சுருட்டும் இதற்கு விலக்கில்லை. 21 டிகிரியில் முட்டை பெரும்பாலும் சும்மா கிடக்கும். 25ஐத் தாண்டினால் புழுக்கள் சுறுசுறுப்பாகிவிடும். நம் வீட்டு அறைகள் மார்கழி, தை இரவுகளைத் தவிர எப்போது 25க்குக் கீழே இருக்கின்றன?

மேல் இலையில் குண்டூசியால் குத்தியது போல ஒழுங்கான வட்டத் துளை இருக்கும். சுருட்டை வெள்ளைத்தாள் மேல் மெதுவாகத் தட்டினால் மிளகுப்பொடி மாதிரி மெல்லிய பழுப்புத் தூள் கொட்டும். ஒன்றில் கண்டாலும் டப்பா முழுவதையும் சந்தேகப்படவேண்டும். துளை விழுந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு மீதியை ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். அதைவிட நல்லது, புதிதாக எது வந்தாலும் டப்பாவில் சேர்ப்பதற்கு முன்பே ஃப்ரீசர் வழியாக அனுப்புவது. ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, அதை இன்னொரு ஜிப் பைக்குள் வைத்து, ஃப்ரீசரில் குறைந்தது மூன்று நாள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில். அதன்பின் பையைத் திறக்காமலே ஒரு நாள் அறையில். அவசரப்பட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பையைத் திறந்தால் சுருட்டின் மேல் பனி வியர்த்து, இலை உப்பிக் கீறிவிடும்.

ஃப்ரீசர் என்றால் மைனஸ் 18 டிகிரி வரை இறங்குவது. ஒற்றைக்கதவுப் பழைய ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை பெரும்பாலும் அவ்வளவு இறங்காது, நடுவில் மின்வெட்டு வேறு. அதில் வைத்துவிட்டு முட்டை செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். நல்ல ஃப்ரீசர் இருக்கும் நண்பர் வீட்டில் கெஞ்சிக் கேட்டு வைப்பது மேல்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இதே வண்டுதான் மஞ்சள், சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் துளைக்கிறது. அதனால் மளிகைச் சாமான் அலமாரியில் சுருட்டு டப்பாவை வைப்பது வண்டுக்கு விருந்து வைப்பது. அரிசியில் வருகிற மூக்கு நீண்ட வண்டு வேறு. அதற்குத் தானியம் போதும், புகையிலைப் பக்கம் வராது.

வைக்கிற இடம்

ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். ஃப்ரிட்ஜ் காற்று வறண்டது, மூடி கொஞ்சம் கசிந்தாலும் சுருட்டு காய்ந்துவிடும், நேற்றைய மீன்குழம்பு வாசனையும் ஏறும். வாசனை விஷயத்தில் புகையிலைக்கு ஈவு இரக்கம் கிடையாது, எதையும் இழுத்துக்கொள்ளும். பூஜை அறை அலமாரியில் கற்பூரமும் சாம்பிராணியும், பட்டுப்புடவை பீரோவில் பாச்சை உருண்டை, இரண்டும் ஆகாது. மீன் ஏற்றி வந்த தெர்மோகோல் பெட்டியை எத்தனை கழுவினாலும் சரிப்படாது, புதிதாக ஒன்று வாங்குங்கள். அதற்குள் டப்பாவை வைத்தால் பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் சட்டென்று உள்ளே தாக்காது. ஏ.சி. ஓடும்போது 22, நிறுத்தியதும் 33 என்று தினமும் ஏறி இறங்குகிற அறையில் இது ரொம்ப உதவும்.

மாடி அறை வேண்டாம், காங்கிரீட் தளம் ராத்திரி வரைக்கும் கொதிக்கும். பழைய ஓட்டு வீடு என்றால் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையை ஒட்டின தட்டு நல்லது. வெளிச்சுவரில் பதித்த அலமாரி மழையில் ஓதம் ஏறும். குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவுக்குப் பூட்டு கட்டாயம். நிகோடின் விஷம், ஒரு துண்டைக் கடித்தாலே ஆபத்து.

சில்லறைத் தவறுகள்

வனிலா, செர்ரி வாசனை ஏற்றிய சுருட்டை மற்றவற்றோடு வைக்காதீர்கள். பெட்டி முழுக்க வனிலாவாகிவிடும். உறையூர்ச் சுருட்டுக்கும் தனி டப்பா கொடுங்கள், அதன் காரம் மெல்லிய சுருட்டுகளில் ஏறிவிடும். செலோஃபேன் உறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடக்கும். அது ஈரத்தை ஓரளவு விடும், இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சுருட்டில் வண்டு வந்தால் அடுத்ததற்குப் போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதால், நம் ஊருக்குக் கழற்றாமல் விடுவதே நல்லது என்பேன்.

மேல் இலையில் வெள்ளையாகப் படிந்தால் "முதிர்ந்த சுருட்டின் அடையாளம், எண்ணெய் பூத்திருக்கிறது" என்று சொல்லித் தேற்றுவார்கள். நம் ஊர் ஈரத்தில் அது பூஞ்சை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தனியாக 62இல் வையுங்கள். பற்றவைக்கும் முனையில், உள்ளிலைக்குள்ளேயே பஞ்சு போலப் படர்ந்திருந்தால் தூக்கிப்போடுங்கள். டப்பாவைத் துடைத்துக் காயவைக்காமல் மற்றதைத் திரும்ப அடுக்காதீர்கள்.

கோடையில் கூரியரில் வந்த சுருட்டை அன்றைக்கே பற்றவைக்காமல் ஃப்ரீசர் முறையெல்லாம் முடித்து, சில வாரம் டப்பாவில் ஓய்வெடுக்க விடுங்கள். காய்ந்து போனதை மீட்கும்போதும் அதே நிதானம் வேண்டும். நேரே 72இல் போட்டால் உள்ளிலை சட்டென்று உப்பி, காய்ந்த மேல் இலையைப் பிளந்துவிடும். முதலில் 62, சில வாரம் கழித்து 65. இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினால் சலசலக்காமல் லேசாக அமுங்கி நிமிரவேண்டும், அப்போது எடுக்கலாம்.