சிலம்பம், பாக்ஸிங், ஜூடோ தெரிஞ்சவங்க கராத்தே கட்டா கத்துக்கறது எப்படி

கராத்தே கிளாஸ்ல பெரியவங்களா வந்து சேர்றவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே ஏதோ ஒண்ணு கத்துக்கிட்டுத்தான் வர்றாங்க. ஒருத்தர் ஊர்ல ஆசான்கிட்ட கம்பு சுத்தினவரா இருப்பாரு, ஒருத்தர் காலேஜ்ல பாக்ஸிங் போட்டவரு, இன்னொருத்தர் ஸ்கூல்ல டேக்வாண்டோ ரெட் பெல்ட் வரைக்கும் போயிட்டு நடுவுல விட்டவரு. இவங்களுக்கு குமிதே (ஆளோட ஆள் மோதற பயிற்சி) சட்டுனு பிடிபட்டுடும், கட்டா (எதிர்ல ஆள் இல்லாம தனியா வரிசையா செய்யற அசைவுகள்) வந்தாதான் முகம் சுருங்கும், காத்துல கையை வீசி என்ன வரப்போகுதுன்னு தோணும். என் அனுபவத்துல கட்டாவுல இருந்து அதிகமா எடுத்துக்கப்போறது இவங்கதான், ஏன்னா அடி எப்படி வரும், பிடி எப்படி இருக்கும்னு இவங்க உடம்புக்கு ஏற்கனவே தெரியும். பழைய கலையை மறந்துட்டு வரணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஹிரோனோரி ஓட்சுகா ஜூஜுட்ஸுல ஊறினவரு, அதுக்கப்புறம்தான் 1922-ல டோக்கியோவுல, ஷோட்டோகான் ஸ்டைலுக்கு அடித்தளம் போட்ட கிச்சின் ஃபுனாகோஷிகிட்ட கராத்தே கத்துக்க வந்தாரு, ரெண்டையும் சேர்த்துத்தான் பின்னால வாடோ ரியுங்கற கராத்தே ஸ்டைல் உருவாச்சு. கென்வா மபுனி, ஜப்பானோட ஒகினாவா தீவுல ஷூரி பக்கத்து இட்டோசுகிட்டயும் நாஹா பக்கத்து ஹிகாவோன்னாகிட்டயும் கத்துக்கிட்டு ரெண்டு வழியையும் ஷிட்டோ ரியுங்கற ஸ்டைலுக்குள்ள கொண்டு வந்தாரு. பழசை வச்சுக்கிட்டே புதுசு கத்துக்கறது கராத்தேல முதல்ல இருந்தே நடந்துட்டு வர்ற விஷயம்.

முதல்ல சென்சாய்கிட்ட (கிளாஸ் மாஸ்டர்) உங்க பின்னணியை ஒழுங்கா சொல்லுங்க. "கொஞ்சம் தற்காப்புக்கலை தெரியும் மாஸ்டர்"னு பொதுவா சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. என்ன கலை, எத்தனை வருஷம், விட்டு எவ்வளவு நாளாச்சு, ஸ்பாரிங் பண்ணியிருக்கீங்களா இல்ல ஃபார்ம் மட்டும்தானா, முட்டி தோள் இடுப்புல பழைய அடி ஏதாவது இருக்கா, இத்தனையும் சொல்லணும், முக்கியமா முட்டி. அதோட கட்டா எதுக்காக வேணும்னும் சொல்லுங்க. போட்டிக்குப் போகணும்னா ஒரு வழி, அசைவுக்குள்ள இருக்கற சண்டையை புரிஞ்சுக்கணும்னா வேற வழி, உடம்பு நல்லா இருந்தா போதும்னா அது இன்னொரு வழி, மூணுக்கும் ஒரே கட்டாதான் ஆனா பழகுற விதம் மாறும். சொல்லி முடிச்சதும் போய் கடைசி வரிசையில வெள்ளை பெல்ட்டோட நில்லுங்க, அதுல எந்த குறைச்சலும் இல்ல.

எந்த கட்டாவுல ஆரம்பிக்கிறதுன்னா, அது உங்க கிளாஸ் எந்த ஸ்டைலோ அதைப் பொறுத்தது. ஷோட்டோகான்னா ஹேயான் ஷோடான், ஷிட்டோ ரியு, வாடோ ரியு பக்கம் போனா பினான், கோஜு ரியுன்னா கெக்கிசாய் டாய் இச்சி. பினான் அஞ்சும் ஒகினாவாவுல அன்கோ இட்டோசு ஸ்கூல் பசங்களுக்காக 1900-ங்கள் தொடக்கத்துல கொண்டு வந்தது, கெக்கிசாய், கோஜு ரியுவை ஆரம்பிச்ச சோஜுன் மியாகி 1940-ல உருவாக்கினது, அதனால ரெண்டுமே புதுசா வர்றவங்களை மனசுல வச்சு செஞ்சதுதான். இதுல ஒண்ணு கவனிங்க, ஃபுனாகோஷி ஹேயான்னு பேர் மாத்தினப்ப முதல் ரெண்டையும் இடம் மாத்திட்டாரு, அதனால ஷோட்டோகான் ஆளு செய்யற ஹேயான் ஷோடான் மத்த ஸ்டைல்ல பினான் நிடான். வேற டோஜோ (கராத்தே பழகற இடம்) ஃப்ரெண்டோட பேசறப்ப ஒரே பேரைச் சொல்லி ரெண்டு பேரும் வேற வேற கட்டா போட்டுட்டு நிப்பீங்க. யூட்யூப்ல தேடறப்பவும் ஸ்டைல் பேரோட சேர்த்துத் தேடுங்க, முகம் பார்த்து எடுத்த வீடியோ வேண்டாம், முதுகுப்பக்கம் இருந்து எடுத்ததா பாருங்க, இல்லன்னா இடது வலது மாறிடும்.

ஹேயான் ஷோடானையே எடுத்துக்கறேன், மொத்தம் 21 அசைவு. முதல் நாளே இருபத்தொண்ணையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், முதல்ல கையை இடுப்புல வச்சுக்கிட்டு கால் மட்டும் நடங்க. இடது பக்கம் திரும்பி ஒண்ணு, முன்னால ஒண்ணு, அப்படியே பின்பக்கம் திரும்பி ரெண்டு காலடி, நடுக்கோட்டுல முன்னால மூணு, மறுபடி ரெண்டு பக்கமும், நடுக்கோட்டுல திரும்பி வர்றது மூணு, கடைசியா பக்கவாட்டுலயும் சாய்வாவும் மாத்தி மாத்தி நாலு கொகுட்சு டாச்சி (பின்கால்ல வெயிட் வச்சு நிக்கறது). தரையில பார்த்தா ஆங்கில பெரிய எழுத்து I மாதிரி ஒரு கோடு வரும், இந்தக் கோட்டுக்கு எம்புசென்னு பேரு. மொட்டை மாடியில சாக்பீஸால நீங்க நிக்கற இடத்துல ஒரு கூட்டல் குறி போட்டுட்டு ஆரம்பிங்க. ஷோட்டோகான்ல ஆரம்பிச்ச இடத்துலயே முடியணும், முடிவுல ஒரு அடி முன்னால நிக்கறீங்கன்னா போற மூணு காலடியும் வர்ற மூணு காலடியும் ஒரே நீளம் இல்லன்னு அர்த்தம், கண்ணாடி காட்டாததை அந்த சாக்பீஸ் குறி காட்டிடும். வெயில் ஏறினா மாடித் தரை பாதத்தை சுட்டுடும், அதனால காலையிலயே முடிச்சுக்கோங்க.

திரும்பறதுதான் கஷ்டமான இடம். முதல்ல தலை திரும்பி கண் பார்க்கணும், அப்புறம் பின்கால் நகர்ந்து இடம் பிடிக்கணும், அதுக்கு அப்புறம்தான் இடுப்பு சுத்தி கை முடியணும். வெயிட்டு மொத்தமும் ஒரு கால்ல இறங்கி பாதம் தரையில ஒட்டியிருக்கறப்ப உடம்பைத் திருப்பினா முறுக்கு எல்லாம் முட்டிக்குத்தான் போகும். மெதுவா பண்றப்ப முட்டி வலிக்காம திரும்ப முடியுதான்னு பார்த்துட்டு அப்புறம் வேகம் ஏத்துங்க.

இப்ப அவங்கவங்க பழைய பழக்கத்துக்கு வர்றேன்.

பாக்ஸிங், கிக்பாக்ஸிங்ல இருந்து வர்றவங்களுக்கு குதிகால் எப்பவும் தூக்கியே இருக்கும், கை தாடையை விட்டு இறங்காது, ஒரு கை குத்தறப்ப இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கச் சொன்னா மனசு ஒப்பாது. நியாயமான சந்தேகம்தான். அந்த இழுக்கற கைக்கு ஹிகிதேன்னு பேரு, அதை சும்மா இழுக்கறதா நினைக்காம எதிராளியோட மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பிடிச்சு இழுக்கறதா நினைச்சு பண்ணிப் பாருங்க, ஒரு ஃப்ரெண்டை நிக்க வச்சு நிஜமாவே பிடிச்சு இழுத்துக்கிட்டே மத்த கையை மெதுவா நீட்டுங்க, அவர் உங்க முஷ்டி மேலேயே வந்து விழுவாரு. இது புரிஞ்ச பாக்ஸருக்கு அதுக்கப்புறம் கட்டாவுல சலிப்பே வராது. ரிங்குக்குப் போறப்ப உங்க கார்டு உங்களோடயே இருக்கட்டும், கட்டா பண்றப்ப குதிகாலை தரையில வைங்க.

ஜூடோக்காரங்களுக்கு பிடி, பேலன்ஸ் உடைக்கறது எல்லாம் கைவந்த கலை, அதனால புன்காய்ல (கட்டா அசைவு சண்டையில எப்படி பயன்படுதுன்னு ஆளை வச்சு செஞ்சு பார்க்கறது) அவங்கதான் முதல்ல முன்னேறுவாங்க. இன்னொரு சொந்தமும் இருக்கு, 1922-ல ஜூடோவை உருவாக்கின ஜிகோரோ கானோ கூப்பிட்டுத்தான் ஃபுனாகோஷி அவரோட ஜூடோ ஸ்கூலான கோடோகான்ல கராத்தே செஞ்சு காட்டினாரு, நாம கட்டற பெல்ட்டும் வெள்ளை டிரெஸ்ஸும் ஜூடோவுல இருந்து வந்ததுதான். ஜூடோவுலயும் கட்டா இருக்கு, ஆனா அது பெரும்பாலும் ரெண்டு பேர் சேர்ந்து செய்யறது, இங்க தனியா செய்யணும், எதிர்ல ஆள் இல்லாதப்ப தோள் முன்னால சாயற பழக்கம் வந்துடும், அதை மட்டும் பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுத்து பாருங்க.

டேக்வாண்டோ, டாங் சூ டோ மாதிரி கொரியக் கலை ஆளுங்களுக்கு பாதி வேலை முடிஞ்சுதுன்னே சொல்லலாம். கொரியாவுல 1940-ங்கள்ல ஆரம்பிச்ச பல ஸ்கூல்ல பியோங்ஆன்ங்கற பேர்ல சொல்லிக் குடுத்தது இந்த பினான் கட்டாக்களைத்தான், டேக்வாண்டோவை வளர்த்த சோய் ஹோங் ஹி ஜப்பான்ல ஷோட்டோகான் படிச்சவரு. அதனால அசைவு பழகின மாதிரியே இருக்கும். இவங்க சரிபண்ண வேண்டியது ஸ்டான்ஸ் உயரம், ஜென்குட்சு டாச்சில (முன்கால்ல வெயிட் வச்சு நிக்கறது) முன்முட்டி நல்லா மடங்கணும், பின்கால் நீளணும், தொடை எரியும், ரெண்டு மூணு மாசத்துல பழகிடும்.

சிலம்பம், குத்துவரிசை தெரிஞ்சவங்களைப் பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும். காலடி பழகின ஆளுக்கு எம்புசென் ஒரு விஷயமே இல்ல, திசை மாறி மாறி போறது, நாலு பக்கமும் கவனம் வைக்கறது எல்லாம் ரத்தத்துல ஊறியிருக்கும். ஆனா கம்பு வீச்சு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு வீச்சோட முடிவுதான் அடுத்த வீச்சோட ஆரம்பம், கட்டாவுல ஒவ்வொரு குத்தும் முடியற இடத்துல ஒரு நொடி மொத்த உடம்பும் இறுகி உடனே தளரணும், அதைத்தான் கிமேன்னு சொல்றாங்க. சிலம்பக்காரங்க கட்டா பார்க்க அழகா இருக்கும், ஆனா குத்து முடியாம அடுத்ததுக்கு வழுக்கிட்டுப் போயிடும். இதுக்கு ஒரு பயிற்சி, ஒவ்வொரு அசைவுக்கும் மூச்சை சின்னதா விட்டு நிறுத்துங்க, ஃப்ரெண்டு வந்து உங்க முஷ்டியையும் தோளையும் தள்ளிப் பார்க்கட்டும், ஆடாம நின்னா அடுத்த அசைவு, ஆடினா கால் வைக்கற இடத்தை சரிபண்ணிட்டு அதையே மறுபடி. தூரமும் மாறும், கம்புக்கு பழகின கண்ணு எதிராளியை ரொம்ப தள்ளி வைக்கும், கராத்தேல பல அசைவு ஆள் மூச்சு நம்ம முகத்துல படற தூரத்துக்கானது.

பரதம் ஆடினவங்க கராத்தேக்கு வர்றதும் உண்டு, அவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கீபா டாச்சி (குதிரை மேல உட்கார்ற மாதிரி நிக்கறது) பார்க்க அரைமண்டி மாதிரி தெரியும், ஆனா அரைமண்டியில பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், இங்க பாதம் நேரா முன்னால பார்க்கும். அரைமண்டி பழக்கத்துல முட்டியை ரொம்ப வெளிய தள்ளிட்டு பாதத்தை மட்டும் நேராக்கினா முட்டி முறுக்கிக்கும், அதனால முதல்ல குறைவா உட்காருங்க.

புன்காய்க்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1908-ல இட்டோசு எழுதின கடிதத்துல ஒவ்வொரு அசைவுக்கும் அர்த்தம் என்ன, எந்த நேரத்துல பயன்படும்னு யோசிச்சுத்தான் பழகணும்னு தெளிவா சொல்லியிருக்காரு, உள்ளே நுழையறது, தடுக்கறது, விடுவிச்சுக்கறது, பிடிக்கறது எல்லாம் அதுல வருது. அப்ப பிளாக், பஞ்ச்னு மட்டும் பார்த்தா கட்டாவுல பாதிதான் கிடைக்கும். ஹேயான் ஷோடான்ல மூணாவது நாலாவது அசைவை எடுங்க. வலது பக்கம் கெடான் பராய் (கையை கீழ வீசித் தடுக்கறது) முடிச்சு நிக்கறீங்க, உடனே முன்கால் பின்னால வருது, அதே கை வட்டமா சுத்தி மேல போய் முஷ்டியோட அடிப்பக்கம் கீழ இறங்குது. இதை தனியா பார்த்தா எதுக்குன்னே தெரியாது. ஃப்ரெண்டை உங்க வலது மணிக்கட்டை கெட்டியா பிடிக்கச் சொல்லுங்க. காலை பின்னால இழுக்கறப்ப உங்க உடம்பு வெயிட் அவர் கையை நீட்டிடும், அதே நேரத்துல கை சுத்தறப்ப உங்க மணிக்கட்டு அவரோட கட்டைவிரல் பக்கமா திரும்பும், பிடியில பலமில்லாத இடம் அதுதான், கழண்டுடும், கழண்ட கை மேல இருந்து அவர் முன்கை மேலயோ காலர் எலும்பு மேலயோ இறங்கும். கை பலத்துல மட்டும் இழுத்துப் பாருங்க, அப்புறம் காலோட சேர்த்து இழுத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும். காலர் எலும்பு சீக்கிரம் உடையற எலும்பு, பழகறப்ப தொட்டு நிறுத்தினா போதும்.

இந்த இடத்துலதான் வேற வேற பின்னணி இருக்கறவங்க ஒண்ணா பழகறதோட பலன் கிடைக்கும். கிளாஸ் முடிஞ்சதும் மூணு நாலு பேரு நின்னு ஒரே ஒரு அசைவை எடுத்துக்கோங்க, அதை ஜூடோக்காரர் எப்படி பார்க்கறாரு, பாக்ஸர் எங்க ஓட்டை கண்டுபிடிக்கறாரு, சிலம்பக்காரர் காலை எங்க வைப்பாருன்னு செஞ்சு பாருங்க. பேச்சு குறைவா இருக்கட்டும், எங்க கலைதான் ஒஸ்தின்னு ஆரம்பிச்சா அன்னைக்கு பயிற்சி போச்சு. சென்சாய் முன்னால, அவர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, கட்டாவோட வடிவத்தை நீங்களா மாத்தாதீங்க, புன்காய் பத்து விதமா வரலாம், வடிவம் உங்க ஸ்டைல்ல இருக்கற மாதிரியே நிக்கட்டும்.

தினசரி பழக்கத்துக்கு ரொம்ப நேரம் வேண்டாம். ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை எண்ணிக்கையோட, ஒரு தடவை உங்க சொந்த தாளத்துல முழு வேகத்துல, அப்புறம் தப்பற ரெண்டு அசைவை மட்டும் திரும்பத் திரும்ப. ஒலிம்பிக்ஸ்ல டோக்கியோவுல ரியோ கியூனாவும் சான்ட்ரா சான்செஸும் தங்கம் வாங்கின கட்டா வீடியோவை கட்டாயம் பாருங்க, வேகத்தை மட்டும் பார்க்காம ரெண்டு அசைவுக்கு நடுவுல எப்படி அசையாம நிக்கறாங்க, எப்ப மறுபடி கிளம்பறாங்கன்னு கவனிங்க. கியூனா ஒகினாவாக்காரர்ங்கறதால அந்த தங்கம் அந்த ஊருக்கு எவ்வளவு பெருசுன்னு சொல்லவே வேண்டாம்.

அடுத்த கட்டாவுக்கு அவசரப்படாதீங்க. அந்தக் காலத்துல ஒரு கட்டாவுக்கு மூணு வருஷம்னு சொல்வாங்க, ஃபுனாகோஷியும் ஒரே கட்டாவை மாசக்கணக்கா செஞ்சு செஞ்சு பழகினவர்தான். பெல்ட் டெஸ்ட்டுக்காக அடுத்தடுத்து கத்துக்க வேண்டியிருக்கும், அது தப்பில்ல, ஆனா உங்களுக்குன்னு ஒண்ணை வச்சுக்கோங்க. கிட்ட நின்னு சண்டை போடறது பிடிச்சவங்களுக்கு நைஹான்சி, ஷோட்டோகான்ல அதுக்கு டெக்கி ஷோடான்னு பேரு, பக்கவாட்டுல மட்டும் நகர்றது, ஒகினாவா கராத்தேக்காரர் சோகி மோட்டோபு உயிரா நினைச்ச கட்டா அது, ஒரு கை கழுத்துக்குப் பின்னால போய் பிடிச்சு இழுக்க, மத்த முழங்கை வந்து மோதற அசைவு ஆரம்பத்துலயே வரும். மூச்சும் உடம்பு இறுக்கமும் வேணும்னா சான்சின், ஆனா ரத்த அழுத்தம் இருக்கறவங்க டாக்டரை கேட்டுட்டு, ஆள் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் பழகுங்க. கம்பை விட மனசு வராத சிலம்பக்காரங்க ஒகினாவா கோபுடோ (ஆயுதக் கலை) சொல்லித்தர்ற கிளாஸ் கிடைச்சா ஷுஷி நோ கொன்ங்கற கம்பு கட்டாவை கேட்டுப் பாருங்க, அதுல பிடிக்கற போ கம்பு பொதுவா 180 சென்டிமீட்டர் வரும், சுத்தறது கம்மி, குத்தும் அடியும்தான் அதிகம், பிடி மட்டும் புதுசா பழக வேண்டியிருக்கும்.